பால் தராத நாட்களின் வேலை

மாடு வளர்ப்பைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைத்துப் பண்ணை பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை லிட்டர் கறக்கும்?" என்றுதான். தொழிலில் பழுத்தவர்கள் வேறு இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "கன்று போட்டு எத்தனை நாளாச்சு? சினை நின்னுடுச்சா?" பண்ணை லாபத்தில் போகிறதா நஷ்டத்தில் போகிறதா என்பது இந்த இரண்டு பதில்களிலேயே தெரிந்துவிடும்.

கணக்கு எளிது. பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று என்ற இலக்கு வைத்தால் 365-ல் 280 போக மீதம் 85 நாள். கன்று ஈன்ற பிறகு அந்த 85 நாளுக்குள் மாடு மறுபடி சினை பிடித்தாக வேண்டும். ஒரு பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தது வர 21 நாள். ஒரு மாட்டின் தீவனச் செலவு நாளுக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கவனக்குறைவாக இருந்த அந்த ஒரு நாளின் விலை 5,250 ரூபாய். இரண்டு பருவம் தவறினால் பத்தாயிரத்தைத் தாண்டும். பால் விலை லிட்டருக்கு ஒரு ரூபாய் குறைந்தால் கொதித்துப் போகிறோம். இந்த இழப்பு பால் அட்டையில் தெரியாது என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

காலையும் மாலையும் நாம் கறப்பது, எப்போதோ முடிவாகிவிட்ட பாலைத்தான். மாடு கன்றாக இருந்த முதல் ஆறு மாதம், சினை ஊசிக்காகக் காத்திருந்த வாரங்கள், கறவை வற்றி நின்ற இரண்டு மாதம் ஆகிய மூன்றிலும் என்ன செய்தோமோ அதுதான் பிறகு குடத்தில் வந்து விழுகிறது. மாடு காசு தராத நாட்கள் இவை. அதனாலேயே தீவனம் குறைகிறது, கவனம் குறைகிறது. இந்த வழக்கத்தை மாற்றிக்கொள்கிறவர் இரண்டு மாட்டை வைத்தும் பிழைப்பார். மாற்றிக்கொள்ளாதவருக்குப் பத்து மாடு இருந்தாலும் கடன்தான் மிஞ்சும். தமிழ்நாட்டில் ஜெர்சி கலப்பினமோ எச்.எஃப். கலப்பினமோ வைத்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றும் சிறிய பண்ணையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

கன்றின் முதல் நாள்

மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதி கருவறையிலேயே வந்து சேர்ந்துவிடும். கன்றுக்கு அப்படி எதுவும் வருவதில்லை. பசுவின் நஞ்சுக்கொடி அந்த எதிர்ப்புப் பொருட்களைக் கடத்தாது. அவை முழுக்கச் சீம்பாலில்தான் இருக்கின்றன. அவற்றை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் திறன் கன்றின் குடலுக்குப் பிறந்த சில மணி நேரமே முழுமையாக இருக்கும். மணிக்கு மணி அது குறைந்து, ஒரு நாள் கழிந்தால் ஏறக்குறைய அடைந்துவிடும். எனவே பிறந்த அரை மணி நேரத்தில் முதல் சீம்பால் உள்ளே போக வேண்டும். மொத்த அளவு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அதில் பெரும்பகுதியை முதல் இரண்டு மணி நேரத்திலும், மீதியைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளும் கொடுத்து முடிக்க வேண்டும்.

"கொடி விழட்டும், அப்புறம் பால் விடலாம்" என்று இன்றும் பல ஊர்களில் கன்றைப் பிடித்துக் கட்டிவைக்கிறார்கள். கன்றுகள் சாவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறு இருக்குமா என்பது சந்தேகம். உண்மையில் கன்று முட்டி முட்டிக் குடிக்கும்போது தாயின் உடலில் சுரக்கும் ஆக்ஸிடோசின், கருப்பையைச் சுருங்கச் செய்து கொடி விழவும் உதவுகிறது. காத்திருப்பதால் கன்றுக்கும் கேடு, தாய்க்கும் கேடு. வீட்டில் பெரியவர்கள் தடுத்தால் சண்டை போட வேண்டாம். கால்நடை டாக்டரை ஒருமுறை அழைத்து, அவர்கள் முன்னால் இதைச் சொல்ல வையுங்கள். அவர் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

சீம்பாலை வேகவைத்துச் சாப்பிடுவது நம் வீடுகளின் வழக்கம். அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பதும் உண்டு. அதில் தவறில்லை. முதல் கறவை கன்றுக்கு என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நல்ல கறவை மாட்டில் கன்று குடித்தது போகவும் மிஞ்சும். அதில் இரண்டு லிட்டரைச் சுத்தமான புட்டியில் ஊற்றி உறைபெட்டியில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். தாய் இறந்துபோன கன்றுக்கோ, மடி நோயோடு ஈன்ற மாட்டின் கன்றுக்கோ அது உயிர் கொடுக்கும். உருக்கும்போது அடுப்பில் வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் புட்டியை நிறுத்தி மெதுவாக உருக்க வேண்டும். சூடு அதிகமானால் எதிர்ப்புப் பொருள் அழிந்துவிடும்.

அடுத்தது தொப்புள். உடலிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, கொதிநீரில் போட்டெடுத்த நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே வெட்டி, டிங்சர் அயோடினில் நனைக்க வேண்டும். காயும்வரை தினமும் மறுபடி நனையுங்கள். சாணத்தில் புரளும் தொப்புள் வழியாகத்தான் கிருமி ஏறி மூட்டு வீக்கத்தை உண்டாக்குகிறது. ஒரு மாதக் கன்று முழங்கால் வீங்கி நொண்டினால், தவறு அந்த முதல் நாளில் நடந்திருக்கும்.

முதல் மாதம் பாலும் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. அதைக் காலை மாலை பிரித்துக் கொடுக்கலாம். கறவைக்காரர் கன்றை ஊட்டவிட்டு மடி இளகியதும் இழுத்துக் கட்டிவிட்டு, கடைசியில் வெறும் காம்பைச் சப்ப விடுவது கன்றுக்குப் பால் கொடுத்ததாகாது. அளந்து புட்டியிலோ வாளியிலோ கொடுங்கள். அல்லது ஒரு காம்பைக் கன்றுக்கென்று விட்டு, எவ்வளவு போகிறது என்று பாருங்கள். இரண்டாவது வாரத்திலிருந்து கைப்பிடி அளவு கன்றுத் தீவனமும் ஒரு கொத்து நல்ல உலர்புல்லும் முன்னால் இருக்கட்டும். முதல் வாரத்திலிருந்தே குடிநீர் வைக்க வேண்டும். பால் குடிக்கும் கன்றுக்குத் தண்ணீர் எதற்கு என்று நினைக்கிறார்கள். தானியமும் தண்ணீரும் சேர்ந்தால்தான் அசையூண் வயிறு வளரும். அது வளர்ந்த கன்றை மூன்று மாதத்தில் பால் மறக்கடிக்கலாம்.

குடற்புழு மருந்தில் பலர் கோட்டைவிடுகிறார்கள். தாயின் பால் வழியாகவே கன்றுக்கு உருண்டைப்புழு வந்துவிடும் என்பதால் முதல் மருந்து 10 முதல் 14 நாளுக்குள். பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதற்குமேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வயிறு பானைபோல், முடி சிலிர்த்து, மண் நக்கிக்கொண்டு நிற்கும் கன்றைப் பார்த்து "சவலைக் கன்று" என்று ஒதுக்கிவிடுகிறோம். பெரும்பாலும் அது புழு சுமக்கும் கன்றுதான்.

கழிச்சல் வந்தால் பாலை நிறுத்தாதீர்கள். கன்றைக் கொல்வது கழிச்சலைவிட, அதனால் உடம்பில் ஏற்படும் நீரிழப்புதான். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்து, பாலோடு சேர்க்காமல் தனி வேளையாக நாளுக்கு மூன்று நான்கு முறை புகட்டலாம். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். தோல் உடனே படியாமல் நின்றாலோ, கண் உள்வாங்கிக் காது சில்லிட்டிருந்தாலோ, வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற டாக்டர் வந்தாக வேண்டும்.

இவ்வளவும் எதற்கு? 25 கிலோவில் பிறந்த கிடேரி பதினெட்டாவது மாதம் 250 கிலோ எடையோடு சினைக்குத் தயாராக வேண்டும். நாளுக்கு 400 கிராமுக்குச் சற்று மேல் எடை ஏறினால் இது நடக்கும். முதல் மூன்று மாதம் வாடிய கன்றுக்குப் பருவம் தள்ளிப்போகும். இரண்டரை வயதுக்குள் ஈன வேண்டியது மூன்றரை வயதில் ஈனும். அந்த ஒரு வருடத் தீவனத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். எடை போடத் தராசு வேண்டாம். தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை கிடைக்கும். சுற்றளவு 64, நீளம் 54 என்றால் ஏறக்குறைய 335 கிலோ. மாதம் ஒருமுறை அளந்து எழுதிவைத்தால், எந்தக் கன்று பின்தங்குகிறது என்பது நோட்டிலேயே தெரியும்.

பருவம் பார்க்கும் கண்

சினை பிடிக்கவில்லை என்று வரும் மாடுகளில் பலவற்றுக்கு நோயே இருக்காது. பருவத்தைப் பார்க்க ஆளில்லை. அல்லது ஊசி நேரம் தவறியிருக்கிறது. பருவம் மொத்தம் முக்கால் நாள், மிஞ்சினால் ஒரு நாள். அதுவும் இரவிலும் விடியற்காலையிலும்தான் அறிகுறி தூக்கலாகத் தெரியும். நாம் பார்ப்பதோ காலை ஒன்பது மணிக்குத் தீவனம் வைக்கும்போது.

கண்ணாடிபோல் தொங்கும் கோழை, கத்தல், அடிக்கடி சிறுநீர், பால் குறைவு, தீவனத்தில் மனமில்லாமை எல்லாம் துணை அறிகுறிகள். மற்ற மாடு மேலே தாவும்போது நகராமல் நிற்பதுதான் உறுதியான அறிகுறி. ஒற்றை மாடு வைத்திருப்பவருக்கும், எல்லா மாட்டையும் குட்டைக் கயிற்றில் கட்டி வைத்திருப்பவருக்கும் இது தெரியவே தெரியாது. விடிவதற்கு முன் அரை மணி நேரமும், இரவு படுக்கப் போகும் முன் அரை மணி நேரமும் மாடுகளை அவிழ்த்துவிட்டு, கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, சும்மா நின்று பாருங்கள். பண்ணையில் இதைவிடக் கூலி அதிகமான வேலை கிடையாது என்பேன்.

காலையில் பருவம் கண்டால் அன்று மாலை ஊசி. மாலையில் கண்டால் மறுநாள் காலை. பருவ அறிகுறி அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே கருமுட்டை வெளிவருகிறது என்பதால் இந்தக் கணக்கு. மாடு கத்திய உடனே பதறி ஊசி போடச் சொல்வது வீண். பருவத்தைத் தவறவிட்டுவிட்டீர்களா? வாலிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் இரத்தம் கலந்த கோழையைத் தேடுங்கள். பருவம் முடிந்து இரண்டு மூன்று நாளில் சில மாடுகளுக்கு, குறிப்பாகக் கிடேரிகளுக்கு, அப்படி வரும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து, பதினெட்டு நாள் தள்ளி ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்தை ஒட்டிய மூன்று நான்கு நாளும் மாட்டைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

ஊசி போட்ட 18-ஆம் நாள் முதல் 24-ஆம் நாள் வரை மறுபடி கவனிக்க வேண்டும். கத்தவில்லை என்பதற்காகச் சினை என்று முடிவுகட்டாதீர்கள். ஊமைப் பருவமாகவும் இருக்கலாம். இரண்டு மாதம் கடந்ததும் டாக்டரைக் கைவிட்டுப் பார்க்கச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏழு மாதம் "சினை மாடு" என்று நம்பித் தீனி போட்டு, கடைசியில் வெறும் வயிறு என்று தெரியும்போது ஏற்படும் வலி கொடுமையானது. மூன்று முறை ஊசி போட்டும் நிற்காத மாட்டுக்கு நான்காவது ஊசிக்கு முன் கருப்பைப் பரிசோதனை வேண்டும். தாது உப்புக் கலவையை நாளுக்கு 30 முதல் 50 கிராம் விடாமல் கொடுத்துவந்தாலே பாதிச் சிக்கல் வராது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நம் மண்ணின் குறைபாடுகளைக் கணக்கில் கொண்டு 'தானுவாஸ்' பெயரில் ஒரு கலவையைத் தருகிறது.

வற்றிய இரண்டு மாதம்

ஏழு மாதச் சினை முடிந்ததும் கறவையை நிறுத்த வேண்டும். "இன்னும் இரண்டு லிட்டர் வருதே" என்ற ஆசையில் கன்று போடும் வரை கறப்பவர்கள், அடுத்த ஈற்றில் அதைப் பல மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். மடியின் பால் செல்கள் பழுது நீங்கிப் புதுப்பித்துக்கொள்ள 60 நாள் தேவை. சீம்பாலில் எதிர்ப்புச் சக்தி சேர்வதும் இந்தக் கடைசி வாரங்களில்தான். அடர்தீவனத்தைக் குறைத்துப் பாலை இறக்கி, கடைசிக் கறவையை ஒட்டக் கறந்து, நான்கு காம்பிலும் வற்றுக்கால மருந்துக் குழாயை டாக்டர் கையால் ஏற்றிவிட்டு நிறுத்துங்கள். மடியில் ஒளிந்திருக்கும் கிருமியைத் தீர்க்க இதைவிட நல்ல தருணம் வராது. மறுபடி அடர்தீவனத்தைக் கடைசி இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றலாம். கொழுக்க வைக்காதீர்கள், விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது.

ஈற்றின்போது முன்னங்கால் இரண்டும் அவற்றின்மேல் மூக்கும் தெரிந்தால் சரியான வரவு. பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரம் ஆகியும் முன்னேற்றம் இல்லையென்றால் ஆள் சேர்த்து இழுக்க வேண்டாம். டாக்டரை அழையுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி கிடைக்கும். கொட்டகைச் சுவரில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதிவைப்பது நல்லது. பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது.

கொடி பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் அதில் கல்லையோ செருப்பையோ கட்டித் தொங்கவிடும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். இழுப்பதால் கருப்பை கிழியலாம், மாடே திரும்ப உதவாமல் போகலாம்.

ஈன்ற முதல் மூன்று நாளில் நல்ல கறவை மாட்டுக்குப் பால் காய்ச்சல் வரக்கூடும். பேரில்தான் காய்ச்சல், உடம்பு சில்லிட்டுப் போயிருக்கும். இரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்குவதால் வருவது இது. மாடு எழ முடியாமல், கழுத்தை வளைத்து விலாவில் சாய்த்துப் படுத்திருக்கும். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி இருக்காது, நுரையீரலுக்குள் போய்விடும். இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை முட்டுக்கொடுத்து, நெஞ்சுப் பக்கமாக உட்கார வைத்து, டாக்டருக்குக் காத்திருங்கள். மெதுவாக இரத்த நாளத்தில் ஏற்றும் கால்சியம் பெரும்பாலான மாடுகளை அன்றே எழுப்பிவிடும். அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஆகவே இதை அரைகுறையாகத் தெரிந்த கையில் ஒப்படைக்கக் கூடாது.

தீவனமும் தண்ணீரும்

கறவை மாட்டின் உடம்பைப் பராமரிக்க ஒன்றரைக் கிலோ அடர்தீவனம், அதற்குமேல் ஒரு லிட்டர் பாலுக்கு 400 கிராம். பத்து லிட்டர் மாட்டுக்கு ஐந்தரைக் கிலோ. இதோடு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனமும் ஐந்தாறு கிலோ வைக்கோலோ சோளத்தட்டோ வேண்டும். தண்ணீர் வசதியுள்ள ஒரு ஏக்கரில் கோ 4 அல்லது கோ 5 கம்பு நேப்பியரும், ஒரு பகுதியில் வேலிமசாலும், வரப்பில் அகத்தியும் இருந்தால் ஐந்து மாட்டுக்குத் தாராளம். புல்லை வளர்த்த பிறகு மாட்டை வாங்குங்கள். மாட்டைக் கட்டிவிட்டுப் புல்லுக்கு அலைபவர்களே பாதியில் தொழிலைவிட்டுப் போகிறார்கள்.

பொங்கல் முடிந்த மறுநாளும், கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்த மறுநாளும் டாக்டர்களுக்கு ஓய்வே இருக்காது. மிஞ்சிய சோற்றைப் பாசத்தோடு மாட்டுக்குக் கொட்டுகிறோம். மாவுச்சத்து வயிற்றில் வேகமாகப் புளித்து, அமிலம் ஏறி, நல்ல மாடு ஒரே இரவில் விழுந்துவிடும். அசைபோடுவது நின்று, வயிறு தளும்பி, புளித்த நாற்றமடிக்கும் கழிச்சல் போனால் தாமதிக்காதீர்கள். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டுவது முதலுதவிதான், மருத்துவத்துக்கு ஈடாகாது. பிரசாதமோ பந்திச் சோறோ, ஒரு கைப்பிடி போதும்.

வாடிய இளஞ்சோளமும் அப்படித்தான் கொல்லும். மழையில்லாமல் குட்டையாக நிற்கும் பயிரில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். பூத்த பிறகு அறுங்கள். சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி இலையும் தோலும் மாட்டுக்குப் போடுகிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். அந்த நஞ்சு ஈரலைக் கெடுப்பதோடு பாலிலும் இறங்கும்.

பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். கோடையில் பத்து லிட்டர் மாடு நாளுக்கு 80 முதல் 100 லிட்டர் குடிக்கும். காலை மாலை இரண்டு வேளை தொட்டியைக் காட்டிவிட்டு இழுத்து வருவதால் தேவை தீராது. எந்நேரமும் எட்டும் இடத்தில் தண்ணீர் இருந்தால், வேறு எதையும் மாற்றாமலே பால் கூடும்.

மடி

கறக்க உட்காரும் முன் மடியைக் கழுவித் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். தூள் தூளாகத் திரிந்து நின்றால் மடி நோய் தொடங்கிவிட்டது. கட்டைவிரலை மடக்கி இழுத்துக் கறப்பது காம்பைப் புண்ணாக்கும். முழுக் கையால் அழுத்திக் கறக்க வேண்டும், ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பாலை இறக்கும் ஆக்ஸிடோசின் அதற்குமேல் இரத்தத்தில் நிற்காது. கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள். காம்புத் துளை மூட அரை மணி நேரம் பிடிக்கும். அதற்குள் மாடு சாணத்தில் படுத்தால் கிருமி நேரே மடிக்குள் போகும். அதனால்தான் கறந்த பிறகு பசுந்தீவனம் போட்டு நிற்க வைக்கச் சொல்கிறோம். நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறங்கள்.

ஆரம்ப நிலை மடி நோய்க்கு, தமிழ்நாட்டுக் கால்நடை விஞ்ஞானி ந. புண்ணியமூர்த்தி பரவலாக்கிய மூலிகை மருந்து நல்ல பலன் தருகிறது. தேசியப் பால்வள வாரியமும் அதைப் பரிந்துரைக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் தளர்த்தி, மடியைக் கழுவி நாளுக்கு எட்டுப் பத்து முறை பூச வேண்டும். ஐந்து நாள் விடாமல் செய்ய வேண்டும். மாட்டுக்குக் காய்ச்சல் அடித்துத் தீனி எடுக்காமல் நின்றால் இதை மட்டும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள். ஆன்டிபயாடிக் போட்டால், டாக்டர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலைச் சொசைட்டிக் கேனில் ஊற்றக் கூடாது. அந்த மருந்து குழந்தைகள் குடிக்கும் பாலில் போய்ச் சேரும். பால் ஊற்றுகிறவரின் மானம் இதில்தான் இருக்கிறது.

தடுப்பூசி, உண்ணி, வெயில்

கோமாரிக்கு நான்கு மாத வயதில் முதல் ஊசி, ஒரு மாதத்தில் ஊக்க ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இலவசம். "ஊசி போட்டா பால் குறையும்" என்று மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுபவர்கள், இரண்டு மூன்று நாள் பாலை மிச்சம்பிடிக்க மாட்டையே பணயம் வைக்கிறார்கள். கோமாரி வந்த கலப்பின மாடு பிழைத்தாலும் மூச்சிரைத்தபடியே இருக்கும், பழைய கறவை திரும்பாது. தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஊசிகள் மழைக்கு முன். கன்று வீச வைக்கும் புருசெல்லா நோய்க்கு, கிடேரிக் கன்றுக்கு நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் ஊசி, வாழ்நாளில் ஒரே முறை. அந்த வயது தாண்டினால் வாய்ப்பு போயிற்று.

உண்ணியை மாட்டின்மேல் மட்டும் தேடாதீர்கள். அது முட்டையிடுவது சுவர் விரிசலில். விரிசலைப் பூசுங்கள், தரை மூலைகளைத் தீக்குழாயால் சுடுங்கள். வெயிலைப் பொறுத்தவரை ஒரு சோதனை போதும். நிழலில் நிற்கும் மாட்டின் விலா நிமிடத்துக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். அறுபதைத் தாண்டினால் மாடு தவிக்கிறது என்று பொருள். கூரையின்மேல் தென்னங்கீற்று, மதியம் தண்ணீர்த் தெளிப்போடு மின்விசிறி, தீவனத்தை விடியலுக்கும் இரவுக்கும் மாற்றுவது ஆகியவை உடனே பலன் தரும். கடற்கரை மாவட்டப் புழுக்கத்தில் விசிறி இல்லாமல் வெறும் தண்ணீர் தெளிப்பது நிலைமையை மோசமாக்கும். சமவெளியில் புதிதாகத் தொடங்குகிறவருக்கு எச்.எஃப். கலப்பைவிட ஜெர்சி கலப்பே பொருத்தம் என்பது என் கருத்து. லிட்டர் குறைந்தாலும் கொழுப்புக் கூடும், வெயிலும் தாங்கும்.

தொழிலில் இறங்குகிறவருக்கு

பத்து மாட்டோடு தொடங்காதீர்கள். இரண்டு மாடு, ஓர் ஆண்டு, எல்லா வேலையும் உங்கள் கையால். கறக்கவும் பருவம் பார்க்கவும் தெரியாதவர் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பண்ணை நடத்த முடியாது. ஆள் வராத ஒரு காலையிலேயே எல்லாம் தெரிந்துவிடும். காட்டுப்பாக்கம், நாமக்கல் போன்ற இடங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும், மாவட்டங்களில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையங்களிலும் பயிற்சி உண்டு. முதலில் அங்கே போய்வாருங்கள்.

ஈரோடு கருங்கல்பாளையம் போன்ற சந்தையில் வாங்கினால் மடி பெரிதாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். ஒரு வேளை கறக்காமல் கட்டிவைத்தாலே எந்த மடியும் பெரிதாகும். முடிந்தவரை மாடு கட்டியிருக்கும் வீட்டுக்கே போய், மாலை, காலை, மறுமாலை என்று மூன்று கறவை உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். நான்கு காம்பையும் நீங்களே பீச்சிப் பாருங்கள். சுழி பார்க்கும் நேரத்தில் பாதியையாவது மடிக்கும் பல்லுக்கும் கால் குளம்புக்கும் கொடுங்கள். இரண்டாம் ஈற்று மாடு சிறந்தது. வந்த மாட்டை மூன்று வாரம் தனியே கட்டிவைத்து, புருசெல்லாவுக்கு இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

கொட்டகையில் வேலை செய்கிறவர்களின் உடம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரும்பாலும் அவர்கள் வீட்டுப் பெண்கள். ஏழெட்டு மாதத்தில் கன்று வீசிய மாடு, விழாத கொடி, செத்துப் பிறந்த கன்று ஆகியவற்றை வெறுங்கையால் தொடக் கூடாது. புருசெல்லா மனிதரையும் பிடிக்கும். முழங்கை வரை உறை போட்டு எடுத்து, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்து, தரையைக் கிருமிநாசினியால் கழுவுங்கள். கர்ப்பிணிகள் அருகில் வர வேண்டாம். வீட்டுக்கு எடுக்கும் பாலையும் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. விட்டு விட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டு வலி, இடுப்பு வலி வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவமனைக்குப் போய், அவர்கள் கேட்காவிட்டாலும், "நான் மாடு வளர்க்கிறேன், கன்று வீசிய மாட்டைத் தொட்டிருக்கிறேன்" என்று நீங்களே சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அதற்கான இரத்தப் பரிசோதனையை எழுதுவார்கள்.